கடலடி ஊரும் பனி எரிமலையும்

அரியலூர்க்காரன் நான். பெரம்பலூர் பச்சைமலையில் ஏறிப் பழகினால், ரஷ்யாவின் பனி மூடிய எல்ப்ரஸ் எரிமலையில் ஏறிவிடலாமா?

— வாசகர், அரியலூர்

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் கிடந்த ஊர் உங்களுடையது. உச்சிக்கு ஆசைப்பட முழு உரிமை உண்டு!

பச்சைமலையில் கால் பழகும், நுரையீரல் பழகாது. எல்ப்ரஸ் உயரம் 5642 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், அரியலூரில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். உறங்கும் எரிமலையின் நெருப்புக்கு அஞ்ச வேண்டாம். பனிக்கடியில் மறைந்திருக்கும் பிளவுக்கு அஞ்சுங்கள். கயிற்றில் கோத்துக்கொண்டு நடப்பது அதற்காகத்தான். சறுக்கினால் பனிக்கோடரியை ஊன்றி நிற்கத் தெரிய வேண்டும். உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. முதலில் அங்கே போங்கள், விசா பிறகு.