பாப்பாவைக் கூட்டிட்டுப் போலாமுங்களா?

இன்றைக்கு வியாழக்கிழமை. ஆடிப்பெருக்கன்று நடந்ததற்கு அப்புறம், சேலத்தில் மகள் வீட்டிலிருந்து எனக்கு இன்னும் ஒரு போன் வரவில்லை. அதனால்தான் இதை எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

ஆரம்பித்தது குடும்ப வாட்ஸப் குரூப்பில். 'மகாவதார் நரசிம்மா ஓடுதுங்களே, பாப்பாவைக் கூட்டிட்டுப் போலாமுங்களா?' கேட்டவர் மாப்பிள்ளையின் அக்கா. என் ஐந்து வயதுப் பேத்திக்கு அத்தை. டீச்சர் வேலை, ஆகவே எதைக் கேட்டாலும் அதற்குப் பக்கத்தில் மதிப்பெண் போட்டிருக்கிற மாதிரி இருக்கும். அரைமணி நேரத்தில் பதினேழு பதில் வந்தது. 'கார்ட்டூன்தானே, தாராளமா போங்க.' 'குடலை உருவறாங்களாம்.' 'த்ரீடியில வேறயாம்.' பதினேழு பேரில் படம் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. கடைசியில் அத்தையே தீர்ப்புச் சொன்னார்: 'மாமா நாமக்கல்லுல சும்மாதானுங்க இருக்காரு. அவரு ஒருக்கா பாத்துட்டுச் சொல்லட்டும்.'

'சும்மா' என்ற சொல்லுக்காக இரண்டு நாள் வருத்தப்பட்டேன். மூன்றாம் நாள் டிக்கெட் எடுத்தேன். பெண்ணைக் கொடுத்தவனுக்கு ஏது வாய்?

படம் குழந்தைகளுக்கு ஏற்றதா இல்லையா என்பதைக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்குத்தானே என்னை அனுப்பினார்கள்.

இந்த வேலைக்கென்று அரசாங்கம் ஆள் வைத்திருக்கிறது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். 1952-ஆம் வருஷத்துச் சட்டம். எல்லோருக்கும் 'யு', பெரியவர்களுக்கு மட்டும் 'ஏ'. 1983-ல் நடுவில் ஒரு 'யு/ஏ' முளைத்தது. 2024-ல் அதையும் 7, 13, 16 என்று மூன்றாகக் கூறு போட்டார்கள். சரி, தெளிவாகிவிட்டது என்று பார்த்தால், அந்த வயது எண் பெற்றோர் யோசிப்பதற்கு மட்டும்தானாம், அதைச் சொல்லித் தியேட்டர்காரர் யாரையும் தடுக்க முடியாதாம். ஆக, சென்சார் போர்டு முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'எதுக்கும் நீங்களும் ஒருக்கா பாத்துக்குங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டது. எங்கள் வீட்டுப் பெண்கள் அதை என்னிடம் தள்ளிவிட்டார்கள். இந்தப் படத்துக்கு எந்த எண் என்று கேட்காதீர்கள். சான்றிதழ் திரையில் வந்த நேரத்தில் நான் த்ரீடி கண்ணாடியை என் கண்ணாடிக்கு மேல் நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தேன்.

கவுண்டரில் இருந்த பையன், "எத்தனை குழந்தைங்க சார்?" என்றான். ஒருத்தருமில்லை என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தான். சட்டைப் பையில் ஒரு குறிப்பு நோட்டும் கொண்டுபோயிருந்தேன். இருட்டில் எழுதியதை வெளியே வந்து படித்தால், வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. 'வராகம் – பெரிசு. பரவாயில்லை.' 'பாம்பு – இருக்கு.' 'அப்பன் – மோசம்.' 'குடல் –' என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன்.

ஏன் விட்டேன் என்றால், நான் நாமக்கல்காரன். கோட்டைக்குப் போகும் வழியில், மலையைக் குடைந்த குடைவரைக்குள், எட்டாம் நூற்றாண்டிலிருந்து நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். எதிரே பதினெட்டடி ஆஞ்சநேயர், கூரைகூட இல்லாமல், வெயிலோ மழையோ, கைகூப்பி நரசிம்மரைப் பார்த்தபடி நிற்கிறார். அவர் கண்ணை யாரும் பொத்தவில்லை. எனக்கு மூன்று வயதிருக்கும்போது அம்மாயி என்னை இடுப்பில் தூக்கி, "நல்லா பாரு கண்ணு, அதோ குடலு" என்று விரலை நீட்டிக் காட்டியது. நான் நன்றாகப் பார்த்தேன். அப்புறம் வெளியே வந்து வடை தின்றேன். அம்மாயிக்கு எந்த போர்டும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

ஆனால் அதே அம்மாயி சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்தால் வேறு மனுஷி. இங்கே கண் பொத்துவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1967-ல் ஏவிஎம் எடுத்த 'பக்த பிரகலாதா' எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு மூன்று நான்கு வருஷம் கழித்து வந்தது. எஸ்.வி.ரங்காராவ் இரணியன், ரோஜாரமணி பிரகலாதன். தூண் பிளக்கப் போகிறது என்று தெரிந்ததும் அம்மாயியின் கை, வெற்றிலைச் சுண்ணாம்பு வாசனையோடு, என் முகத்தில் வந்து படிந்தது. அந்தக் கை விலகியபோது எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். குகையில் இருக்கிற இரணியன் செத்தது எனக்குத் தெரியும். ரங்காராவ் செத்தாரா என்பதுதான் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து வேறொரு படத்தில் அவர் வேட்டி சட்டையோடு முழுசாக நடந்து வந்ததும், 'அன்றைக்கு எப்படியோ தப்பிச்சிட்டார்' என்று நிம்மதியடைந்தேன்.

கண் பொத்துவதில் முக்கியமானது நேரம். சீக்கிரம் பொத்தினால் குழந்தை நல்ல காட்சியை இழக்கும், கையைக் கடிக்கும். தாமதமாகப் பொத்தினால் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்திருக்கும். அதற்குமேல் இருட்டில் வைத்தால் பயம் இரட்டிப்பாகும். ஆகவே பொத்துகிறவர் படத்தை முன்பே பார்த்திருக்க வேண்டும். படத்தை முன்பே பார்த்த ஒரே ஆள் நான். ஆனால் பொத்தும் உரிமை பெற்றவளுக்கு. இதற்காக, ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தோடு மறுபடி போனபோது, ஓர் ஏற்பாடு செய்தோம்: நான் என் மகளின் முழங்கையைத் தொட வேண்டும், அவள் பாப்பாவின் கண்ணைப் பொத்த வேண்டும், மறுபடி தொட்டால் எடுக்க வேண்டும். இடைவேளைக்குள் கணக்கு எங்கோ ஒன்று தவறிவிட்டது. அதற்கப்புறம் பூஜை, பஜனை, பிரகலாதன் சிரிப்பது எல்லாவற்றையும் பொத்தினோம், சண்டை வந்ததும் திறந்துவிட்டோம்.

த்ரீடியில் இன்னொரு சங்கடம். கண்ணாடியோடு பொத்துவதா, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொத்துவதா? கண்ணாடியோடு பொத்தினால் மூக்குத்தண்டு நசுங்கி, படத்துக்குச் சம்பந்தமில்லாத அழுகை வரும். கழற்றினால் கண்ணாடி இருட்டில் காலுக்கடியில் போகும். பாப்கார்ன் உப்பு ஒட்டிய கையால் பொத்துகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மாப்பிள்ளை படித்தவர்.

அப்புறம், காது. கண்ணைப் பொத்துகிறோமே, காதை யார் பொத்துவது? சிங்கத்தின் உறுமல் தியேட்டரின் நான்கு சுவர்களிலிருந்தும் வருகிறது. ஒரு குழந்தைக்குப் பொத்த வேண்டிய இடம் நாலு. நமக்கிருப்பது இரண்டு கை. நரசிம்மருக்கு இருக்கிற கைகளில் இரண்டை இரவல் கொடுத்தால்கூட பாப்கார்னைப் பிடிக்க ஆள் வேண்டும்.

என் நிஜமான கடுப்பு இதில் எதுவுமில்லை. குழந்தைகள் படம் என்று கூட்டிக்கொண்டு போனால், படத்துக்கு முன்னால் மூன்று டிரெய்லர் போட்டார்கள். மூன்றிலும் அரிவாள். ஒன்றில் அரிவாளுக்குப் பெயர் வைத்து அதற்குப் பாட்டும் வைத்திருந்தார்கள். அப்போது யாரும் யார் கண்ணையும் பொத்தவில்லை, எல்லோரும் சீட் நம்பர் தேடிக்கொண்டிருந்தார்கள். பாப்பா மூன்றையும் முழுசாகப் பார்த்தாள். தெய்வம் அசுரனைக் கொல்வதற்குப் பதினேழு பேர் ஆலோசனை, தெருவில் ஒருத்தன் இன்னொருத்தனை வெட்டுவதற்கு ஓர் ஆலோசனையும் கிடையாது.

வெளிநாட்டுக் கார்ட்டூன் என்றால் பூ மாதிரி இருக்கும் என்று நம்புகிற குடும்பம் இது. 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதையே ஓர் ஆராய்ச்சியாகச் செய்திருந்தார்கள். 1937-ல் வந்த ஸ்நோ ஒயிட் தொடங்கி 2013 வரை நன்றாக ஓடிய 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களை, அந்தந்தக் காலத்துப் பெரியவர்கள் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், முக்கியப் பாத்திரம் சாகிற ஆபத்து கார்ட்டூனில்தான் இரண்டரை மடங்கு அதிகம். அதிலும் அப்பா அம்மாவுக்கு ரொம்ப மோசம். நீமோவின் அம்மா படம் ஆரம்பித்துச் சீட்டில் சரியாக உட்காருவதற்குள் போய்ச் சேர்கிறாள். சிம்பாவின் அப்பன் முஃபாசா எப்படிப் போனார் என்று உங்களுக்கே தெரியும். அதைப் பார்த்துவிட்டு வந்த பாப்பா ஒரு வாரம் தன் சித்தப்பாவை உற்று உற்றுப் பார்த்தாள். அந்த அறிகுறியை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

சம்பந்தியிடமும் ஒரு வார்த்தை கேட்டோம். அவர் கருப்புச் சட்டைக்காரர். 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது சேலத்தில்தான் என்பதை, சாம்பார் ஊற்றும்போதுகூட சொல்வார். "குழந்தைக்கு ஏத்த படம் இல்லீங்க சம்பந்தி" என்றார். அப்பாடா, ஒரு முடிவு வந்தது என்று நினைத்தேன். "இரணியன் பக்கத்து நியாயத்தை எங்கீங்க காட்டறாங்க?" என்று ஆரம்பித்து, பாரதிதாசன் 1934-லேயே இரணியனை இணையற்ற வீரனாக நாடகம் எழுதியதுவரை சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சொல்லிவிட்டு, "எனக்கும் ஒரு டிக்கெட் போட்டுருங்க" என்றார்.

ஆக ஆடி பதினெட்டு அன்று ஊரே மேட்டூருக்குப் போக, நாங்கள் எட்டுப் பேர் தியேட்டருக்குப் போனோம். போகும்போது மாப்பிள்ளை ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டி, "தமிழ்ல முதல் முழுநீளக் கலர்ப்படம் இங்க எடுத்ததுதானுங் மாமா" என்றார். 1956, அலிபாபாவும் 40 திருடர்களும். தமிழ்நாட்டில் ரத்தம் ஒழுங்காகச் சிவப்பாகத் தெரிய ஆரம்பித்ததே சேலத்துக்காரர்களால்தான் என்று சொல்ல வந்து, முன்சீட்டில் அத்தை இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

வராகம் வந்ததும் பாப்பா, "பன்னி சாமி!" என்று கைதட்டினாள். பாம்புக்கு ஒன்றும் சொல்லவில்லை. யானைக்குச் சிரித்தாள். ஹோலிகா வந்தாள். நம் பக்கத்தில் அந்தப் பெயரை யாரும் அதிகம் பேசுவதில்லை, நானும் அவளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பில் உட்காருகிறாள். பாப்பா என்னிடம் கேட்டாள், "அப்புச்சி, இவங்க யாரு?" நான் உண்மையைச் சொன்னேன்: "அவனோட அத்தை கண்ணு."

தூண் பிளந்தது. நரசிம்மர் வந்தார். குடலும் வந்தது. பாப்பா அசையாமல் பார்த்தாள், பொத்த வந்த கையைத் தள்ளிவிட்டாள். படம் முடிந்து விளக்குப் போட்டதும் பின்வரிசையிலிருந்து அத்தை ஆசையாகக் கையை நீட்டினார். "பயந்துட்டியா தங்கம்? வா, அத்தை மடிக்கு வா."

பாப்பா போட்ட கூச்சலில் அடுத்த காட்சிக்கு வெளியே நின்றவர்களில் இரண்டு குடும்பம் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனதாகக் கேள்வி.

காரில் ஒருவரும் பேசவில்லை. வீட்டு வாசலில் அத்தை மட்டும் திரும்பி, "ஏனுங் மாமா, நீங்கதான் முன்னாலயே பாத்தீங்களே?" என்றார். குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'அத்தை, நெருப்பு – சின்ன சீன். பரவாயில்லை.'

நீங்கள் போவதானால் போங்கள். அத்தைக்கு மட்டும் வேறு காட்சிக்கு டிக்கெட் போடுங்கள்.