நாலாவது ஆள் எங்கே?

இந்த வாரத் தபால் முழுக்க ஒரகடம் வட்டாரம். கேட்டிருப்பது முழுக்க, போனில் நாலு பேர் ஒரே அணியாக ஆடும் ஸ்குவாட் ஆட்டம் பற்றி.

பப்ஜி நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில் சொல்லவும். (ஒரகடம் வாசகர்)

எத்தனை மணிக்கு?

ஸ்குவாட் என்றால் ஏன் நாலு பேர்? ஆறு, ஏழு என்று வைத்தால் கும்பலாக ஆடலாமே! (மாத்தூர் வாசகர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், தம்பி. 2019-ல் வந்த அபெக்ஸ் லெஜண்ட்ஸில் மூன்று பேர், கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கிலும் வேலரன்ட்டிலும் பக்கத்துக்கு ஐந்து பேர். ஆனாலும் நாலுக்கு ஒரு தனி ராசி உண்டு. 1993-ல் டூம் வந்தபோதே நாலு கம்ப்யூட்டரை ஒயரில் கோத்து நாலு பேர் ஆடினார்கள். பப்ஜியின் இன்றைய இந்திய வடிவமான பிஜிஎம்ஐயில் நூறு பேர் என்றால் நாலு நாலாக 25 அணி. காரணம் துப்பாக்கியில் இல்லை. வாயிலும் காதிலும் இருக்கிறது. டீக்கடை பெஞ்சைக் கவனியுங்கள். நாலு பேர் வரை ஒரே பேச்சுதான் ஓடும். ஐந்தாவது ஆள் டம்ளரோடு வந்து நின்றதும் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும்: இந்தப் பக்கம் மூன்று பேருக்குச் சம்பளப் பிரச்சினை, அந்தப் பக்கம் இரண்டு பேருக்கு கிரிக்கெட். ராபின் டன்பாரும் அவருடைய கூட்டாளிகளும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எண்ணிப் பார்த்தது. தானாகக் கூடும் பேச்சு வட்டம் ஏறக்குறைய நாலு பேரோடு நின்றுவிடுகிறது. ஸ்குவாட் ஆட்டமும் அடிப்படையில் ஒரு பேச்சுதானே! “மஞ்ச வீட்டு மாடில ஒருத்தன்”, “சோன் வருது, வண்டிய எடு”, “எங்கிட்ட மெட்கிட் இல்ல மச்சான்” என்று ஒருவன் சொல்வது மற்ற மூன்று பேர் காதிலும் அதே நொடியில் விழ வேண்டும். ஆறு பேர் ஒரே மைக்கில் கத்தினால் அது சந்தை.

2008-ல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட லெஃப்ட் ஃபோர் டெட் இந்த வகைக்கே பாடப்புத்தகம் என்பேன். அதிலும் நாலு பேர்தான். ஹண்டர் என்ற பிராணி பாய்ந்து ஒருவனை அமுக்கிவிட்டால் அவன் எவ்வளவு பெரிய சூரனானாலும் தானாக எழ முடியாது. கூட்டாளி ஓடி வந்து அதைத் தள்ளிவிட்டால்தான் உயிர் பிழைப்பான். தனியாக முன்னால் ஓடுகிறவனை ஆட்டமே தண்டிக்கிறது. பிஜிஎம்ஐயில் இதே வேலையை, விழுந்தவனைத் தூக்கிவிடும் ரிவைவ் செய்கிறது. தனியாக ஆடும் சோலோவில் விழுந்தால் லாபிக்குத்தான் போக வேண்டும். ஸ்குவாடில் விழுந்தவன் நாக் ஆகிறான். கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்கிறான், உயிர்க்கோடு துளித்துளியாகக் குறைகிறது. கூட்டாளி ஸ்மோக் போட்டு, புகைக்குள் ஓடி வந்து, பக்கத்தில் குனிகிறான். திரையில் ஒரு சின்ன வட்டம் மெல்ல நிறைகிறது. அது நிறையும் வரை அவனால் சுடவும் முடியாது, நகரவும் முடியாது. சுடுகிற ஆட்டம் என்று பெயர். ஆனால் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நொடிகளில் நம் ஆள் சுடுவதே இல்லை. இந்த ஆட்டத்தைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு காட்சியை ஒருமுறையாவது தோள் பக்கமாக எட்டிப் பார்க்க வேண்டும்.

எந்தத் துப்பாக்கி பெஸ்ட்? (வல்லம்)

நாக் ஆனவனைத் தூக்கிவிடும் கை.

புதருக்குள் படுத்துக்கிடந்தே கடைசிப் பத்துப் பேருக்குள் வந்துவிடுகிறேன். இதுவும் திறமைதானே? (பெயர் போட வேண்டாம் என்கிறார்)

கபடியில் பாக் லைனைத் தாண்டாமல் திரும்பி வருகிற ரைடர் அவுட். உங்களுக்கும் அதே தீர்ப்பு.

எங்கள் ஊருக்கும் இந்த ஆட்டத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (வடக்குப்பட்டு பிளஸ் டூ மாணவர்)

உண்டு தம்பி, உலகத்தில் பல ஊர்களுக்கு இல்லாத சம்பந்தம்! 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை உங்கள் ஊரில் தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. சங்க காலச் செங்கல் கட்டுமானமும் ரோமானிய ஆம்போரா ஜாடியின் உடைசல்களும் அதே ஊர் மண்ணுக்குள்தான் இருந்தன. நான் கற்கருவியிலேயே நின்றுகொள்கிறேன். கல்லை உடைத்துக் கூராக்க ஒரு ஆள் போதும். அந்தக் கல்லை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய மிருகத்தைத் தனியாளாக மடக்க முடியாது. ஒருவன் விரட்ட, ஒருவன் மறிக்க, ஒருவன் எறிய, ஒருவன் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க, சைகையிலேயே எல்லாம் நடக்க வேண்டும். அபெக்ஸ் லெஜண்ட்ஸ் வந்தபோது எல்லோரும் கொண்டாடியது அதன் பிங் வசதியைத்தான். வாய் திறக்காமல், ‘அங்கே எதிரி, இங்கே தோட்டா’ என்று குறி காட்டுவது. உங்கள் மண்ணில் கல் செதுக்கியவன் கையால் காட்டியதை இன்று கட்டைவிரலால் காட்டுகிறீர்கள். “சோற்றுக்காக வேட்டையாடியவனும் சோஃபாவில் சாய்ந்திருப்பவனும் ஒன்றா?” என்று கேட்பார்கள். ஒன்றில்லை. வேட்டைக்காரனுக்குத் தோற்றால் பட்டினி, உங்களுக்குத் தோற்றால் இன்னொரு மேட்ச். ஆனால் சின்னக் கூட்டமாகச் சேர்ந்து, வேலையைப் பிரித்து, விழுந்தவனை விடாமல் இழுத்து வருவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறதே, அது போன் கண்டுபிடித்த பிறகு வந்ததில்லை.

சுட்டுச் சுட்டே பழகும் பிள்ளை நாளைக்கு வெளியே அடிதடிக்குப் போகாதா? அரசாங்கம் சும்மாவா தடை செய்தது? (சுங்குவார்சத்திரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

இரண்டு கேள்வி, இரண்டுக்கும் தனித்தனி பதில் ஐயா. பப்ஜி 2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளில் ஒன்றாகத் தடையானது. ஃப்ரீ ஃபயர் ஆட்டம் 2022 பிப்ரவரியில். இரண்டுக்கும் அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும், வன்முறை அல்ல. பப்ஜி 2021-ல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது; அதுவும் 2022 ஜூலையில் செயலிக் கடையிலிருந்து இறக்கப்பட்டு, 2023 மே மாதம் மறுபடி ஏறியது. அடிதடியைப் பொறுத்தவரை, 2019-ல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்று பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் கேட்டுப் பார்த்தது. வன்முறை ஆட்டம் ஆடுவதற்கும் பிள்ளையின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் கொஞ்சம் மாற்றிச் சொன்னது: கத்துவது, தள்ளுவது போன்ற சீற்றத்தோடு சிறிய தொடர்பு உண்டு, ஆனால் கொடும் வன்முறைக்கு இந்த ஆட்டங்களைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை. உங்கள் கவலையில் அந்தச் சிறிய பங்கு நியாயம், மறுக்க மாட்டேன். நாம் பயப்பட வேண்டியது துப்பாக்கியைப் பார்த்தல்ல, கடிகாரத்தைப் பார்த்து. அதைக் கடைசிக் கடிதத்தில் சொல்கிறேன்.

ஆன்லைன் ரம்மியும் இதுவும் ஒரே குட்டையில் ஊறின மட்டைதானே? (இருங்காட்டுக்கோட்டை)

இல்லை. ரம்மியில் பந்தயம் பணம். அதனால்தான் தமிழ்நாடு 2022-ல் ஒரு சட்டம் போட்டது. 2025-ல் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை வேறாகப் பிரித்து அங்கீகரித்தது. ஆனால் உள்ளே என்ன சட்டை வரும், என்ன துப்பாக்கித் தோல் வரும் என்று தெரியாமல் யுசி என்ற ஆட்டக் காசு வாங்கிப் பெட்டி திறப்பதும் என் கணக்கில் சூதாட்டம்தான். ஸ்குவாடுக்கு அது தேவையும் இல்லை. பளபளக்கும் சட்டை போட்டவனும் அதே அடியில்தான் விழுகிறான்.

மைக் ஆன் செய்தாலே, பெண் குரல் என்று தெரிந்ததும் அசிங்கமாகப் பேசுகிறார்கள். ஆட்டத்தை விட்டுவிட வேண்டுமா? (வல்லம் வடகால், பெண்கள் விடுதி)

விட வேண்டியவர்கள் அவர்கள், நீங்கள் இல்லை சகோதரி. இந்த ஆட்டத்தின் அளவே உங்களுக்குத் துணை. நூறு பேரையும் சகிக்க வேண்டியதில்லை, மூன்று பேர் போதும். 2024 ஆகஸ்டில் திறந்த வல்லம் வடகால் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அத்தனை பேரில் உங்களோடு ஆட மூன்று பேர் கிடைக்காமலா போவார்கள்? முன்பின் தெரியாதவர்களோடு ராண்டமாகச் சேராதீர்கள். ரூம்மேட்டுகளோடு சேர்ந்து, மைக்கை ‘டீம்’ மட்டும் என்று வையுங்கள். வாய் நீளுகிறவனை மியூட் செய்து, ரிப்போர்ட்டும் கொடுங்கள்.

என் மகன் ஷிப்ட் முடிந்து வந்து விடிய விடிய ஆடுகிறான். ‘நிறுத்துடா’ என்றால், ‘ஒரு நிமிஷம்மா’ என்று அரை மணி நேரம் ஆக்குகிறான். என்ன செய்ய? (படப்பை, ஒரு அம்மா)

அம்மா, உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. ஒரு முழு மேட்ச் கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஓடும், நடுவில் நிறுத்தி வைக்க வழியே இல்லை. அவன் போனைக் கீழே வைத்தால் வேறு வேறு அறைகளில் மூன்று பேர் நடுத்தெருவில் நிற்பார்கள். நாலு பேர் என்ற அளவைத்தான் மேலே அவ்வளவு புகழ்ந்தேன். அதே நாலுதான் இங்கே கண்ணியாகவும் இருக்கிறது. நூறு பேர் கூட்டத்தில் ஒருவன் எழுந்து போனால் யாருக்கும் தெரியாது. நாலு பேரில் ஒருவன் போனால் உடனே, “நாலாவது ஆள் எங்கடா?” இந்த வெட்கத்தால்தான் பாதிப் பேர் தூக்கத்தை விடுகிறார்கள். நள்ளிரவுக்குப் பக்கத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு, மூன்று மேட்ச் ஆடினால் மணி மூன்று. அடுத்த வாரம் காலை ஷிப்ட் மாறினால் விடியும் முன்பே பஸ் வந்து நிற்கும். அரைத் தூக்கத்தில் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறவனுக்கு அங்கே ரிவைவ் கிடையாது. ஆட்டமே போடும் வரம்பை நம்பாதீர்கள். 2023-ல் திரும்பி வந்தபோது பிஜிஎம்ஐ பெரியவர்களுக்கு வைத்த வரம்பு நாளுக்கு ஆறு மணி நேரம். ஆறு மணி நேரம் என்பது ஒரு ராத்திரித் தூக்கம்.

அதனால் நேரத்தை அளக்காதீர்கள், மேட்சை எண்ணுங்கள். ‘பதினொன்றரைக்கு நிறுத்து’ என்றால் அது மேட்ச் நடுவில்தான் வரும், சண்டைதான் மிஞ்சும். ‘இன்றைக்கு ஒன்று’ என்றால் அவனும் ஸ்குவாடிடம் முதலிலேயே சொல்லிவிடுவான். மற்ற மூன்று அம்மாக்களும் அதையே சொன்னால் நாலு பேரும் ஒன்றாகவே எழுந்துவிடுவார்கள். இதற்கும் அடங்காமல், வேலையும் சாப்பாடும் உறவும் கெட்ட பிறகும் மாதக்கணக்கில் அவனால் நிறுத்த முடியவில்லை என்றால் அது திமிர் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அதில் இதுவும் ஒரு நோயாகவே இடம்பெற்றது. திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்: 14416. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.