சுடாத சூரர்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரில் ஆண்டுதோறும் தோட்டாச் சேகரிப்பாளர்களின் கண்காட்சி கூடுகிறது. மார்பில் குறுக்கே தோட்டா மாலை தொங்க, முறுக்கு மீசையோடு யாராவது எதிர்ப்படுவார் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். மூக்குக்கண்ணாடிக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியும் பிடித்துக்கொண்டு, மேசை மேசையாகக் குனிந்தபடி நகரும் சாதுவான பெரியவர்கள்தான் அங்கே நிறைந்திருப்பார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் காலிப்பர். சாவிக்கொத்தோடு ஒரு காந்தம். நம் கதாநாயகர் இவர்தான்.

உலகம் முழுக்கத் தோட்டாவின் முனையைப் பார்த்து நடுங்குகிறது. நம்மவர் முனையைச் சட்டை செய்யமாட்டார். கையில் எடுத்ததும் தலைகீழாகப் புரட்டி அடியைப் பார்ப்பார். பெண் வீட்டார் கொண்டுவந்த ஜாதகத்தைப் பார்க்கிற மாமனாரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். பிறந்த இடம், பிறந்த வருஷம் எல்லாம் அந்தப் பித்தளை வட்டத்தில் பொறித்திருக்கும். ‘எஃப் ஏ’ என்றால் பிலடெல்பியாவின் பிராங்க்போர்ட் படைக்கலச்சாலை. ‘எல் சி’ என்றால் மிசூரியிலேயே இருக்கும் லேக் சிட்டி ஆலை. வின்செஸ்டரின் சின்னத் தோட்டாக்களில் ஒற்றை ‘எச்’ இருந்தால், 1860-ல் ஹென்றி துப்பாக்கியை வடிவமைத்த பெஞ்சமின் டைலர் ஹென்றிக்குச் செலுத்திய மரியாதை. இத்தனையும் நாம் கேட்காமலே வரும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தன் தோட்டா ஆலைகளின் பெயர்களை மறைத்து, ரகசியக் குறியீட்டு எழுத்துகளைப் பொறித்தது. எந்த ஆலை எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பது ஏற்பாடு. எதிரிக்குத் தெரிந்ததோ இல்லையோ, நம்மவருக்கு மனப்பாடம். ‘ஏ யூ எக்ஸ்’ என்றால் மாக்டபர்க் நகரத்துப் போல்ட்டே ஆலை என்பதைச் சாப்பாட்டு மேசையில், சூப்புக்கும் ரொட்டிக்கும் நடுவில், பக்கத்தில் உட்கார்ந்தவருக்குச் சொல்லிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்தவர் அடுத்த வருஷம் வேறு மேசைக்குப் போய்விடுவார்.

இனம் காண்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் குண்டின் விட்டம், அடுத்து கூட்டின் நீளம், அப்புறம் அடி விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, கூட்டோடு சமமாக இருக்கிறதா என்ற விசாரணை. பிறகு காந்தம். ஒட்டினால் எங்கோ எஃகு இருக்கிறது. கடைசியாகத் தராசு. இவ்வளவும் முடிந்து ‘ம்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த ‘ம்’ நீண்டால் சரக்கு அபூர்வம். குறுகினால் ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பது.

கண்காட்சிக்கு வெளியாள் ஒருவர் செருப்புப் பெட்டியோடு வருவது தவறாது.

“எங்க தாத்தா போர்லேருந்து கொண்டுவந்தது. நல்ல விலை போகும்னு சொன்னாங்க.”

நம்மவர் ஒன்றை எடுத்துப் புரட்டினார். “எல் சி, 43.”

“ரொம்ப அபூர்வமா?”

“உங்க தாத்தா மட்டும் இல்லைங்க, எல்லார் தாத்தாவும் இதைத்தான் கொண்டுவந்தார்.”

சொல்லிக்கொண்டே பெட்டியின் மூலையில் விரலை விட்டவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். மூன்று பக்கமும் லேசாக உப்பிய ஒரு பிளாஸ்டிக் துண்டு.

“அதா? பேத்தியோட பொம்மைலேருந்து விழுந்திருக்கும். தூக்கிப் போட்டுருங்க.”

அது டேவிட் டார்டிக் என்ற அமெரிக்கர் 1950-களில் உருவாக்கிய முக்கோணத் தோட்டா. இந்த இடத்தில்தான் சேகரிப்பாளரின் நடிப்புத் திறமை வெளிப்படும். கொட்டாவி விடுவார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “பெட்டியோட மொத்தமா என்ன எதிர்பார்க்கிறீங்க?” என்று கூரையைப் பார்த்துக் கேட்பார். குரல் மட்டும் அரை சுருதி ஏறியிருக்கும்.

டார்டிக்கின் துப்பாக்கி சந்தையில் படுத்துவிட்டது. நம்மவர் அந்த முக்கோணத் தோட்டாவை மார்போடு அணைத்துக்கொள்வதற்குக் காரணமே அதுதான். அவருடைய உலகத்தில் ஜெயித்ததற்கு மதிப்பில்லை. இரண்டாம் உலகப் போரின் செம்புத் தட்டுப்பாட்டுக் காலத்தில் இண்டியானா மாநிலத்து எவன்ஸ்வில் நகரில், கார் செய்யும் கிறைஸ்லர் நிறுவனம் எஃகுக் கூடுகளில் .45 தோட்டாக்கள் செய்யக் கற்றுக்கொண்டது. 300 கோடிக்கு மேல் செய்து தள்ளியது. மகத்தான சாதனை. நம்மவர் அந்தத் தோட்டா உருண்டு போனால் குனிந்துகூட எடுக்கமாட்டார்.

ஆனால் கோலிப்ரி என்று சொல்லிப் பாருங்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கடிகாரக்காரர் பிரான்ஸ் ப்ஃபான்ல், முதல் உலகப் போர் மூண்ட காலத்தில் வெளியிட்ட 2.7 மில்லிமீட்டர் தோட்டா. குண்டின் எடை 0.2 கிராம். தற்காப்புக்கு என்று விற்றார்கள். அதால் சுடப்பட்டவன் கோபித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நிச்சயமில்லை. அதைக் கையில் எடுக்கும்போது நம்மவர் மூச்சை அடக்குவார். பக்தி பாதி, தும்மினால் காணாமல் போய்விடும் என்ற பயம் பாதி.

1960-களின் ஜைரோஜெட் இன்னொரு கண்மணி. தோட்டாவே ஒரு குட்டி ராக்கெட். குழாயை விட்டுச் சாவகாசமாகப் புறப்பட்டு, போகப் போக வேகம் பிடிக்கும். எதிரி கிட்டத்தில் நின்றால் இது வேகம் எடுப்பதற்குள் அவனிடம் போய்ச் சேர்ந்துவிடும். 1967-ல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தலைகாட்டியும் பிழைக்கவில்லை. பிழைத்திருந்தால் நம்மவர் பட்டியலில் அதற்கு ஏது இடம்?

தோல்வியைவிட உயர்ந்த பட்டம் ஒன்று உண்டு: தடை. கொல்கத்தாவில் விமானம் இறங்கும் டம்டம் பகுதியில்தான் பிரிட்டிஷ் இந்தியாவின் படைக்கலச்சாலை இருந்தது. உடலுக்குள் போய் விரியும் .303 குண்டை 1890-களில் அங்கே கேப்டன் பெர்ட்டி-கிளே உருவாக்கினார். 1899-ல் ஹேக் மாநாடு, விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக்கூடாது என்று பிரகடனம் செய்தது. தேசங்கள் மனிதாபிமானத்தால் கலங்கிய அதே செய்தியைப் படித்து நம்மவரும் கலங்குவார்: “அடடா, இன்னும் கொஞ்ச காலம் கழித்துத் தடை செய்திருந்தால் ஒன்றிரண்டு கூடுதலாக மிஞ்சியிருக்குமே!”

அவருடைய ஜென்ம விரோதி போலிக்காரன். அமெரிக்க ராணுவத்தில் கறுப்பு முனை என்றால் கவசத்தைத் துளைப்பது, நீல முனை என்றால் தீ மூட்டுவது. பட்டியலில் இல்லாத வண்ணம் ஒன்று கிடைத்தால் சோதனைத் தயாரிப்பாக இருக்குமோ என்று நம்மவர் இதயம் படபடக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நகப்பூச்சு. அவர் சந்தேகத்தோடு வீடு திரும்பி முதலில் பார்ப்பது மனைவியின் அலங்கார மேசையை.

அந்த அம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார் நிற்க வேண்டிய கொட்டகை முழுக்க இழுப்பறைகள், கார் மழையில். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: “இத்தனையில ஒண்ணாவது ஒழுங்கா வெடிக்குமா?”

நம்மவர் காதைப் பொத்திக்கொண்டார். “அபசகுனமா பேசாதே! வெடிச்சா அப்புறம் அது வெறும் கூடு.”

இப்படிப்பட்டவர் புதுச் சரக்கையும் விடுவதில்லை. ஏதாவது ஒரு நிறுவனம், உலகத்தையே புரட்டப் போகிறோம் என்று புது அளவில் தோட்டா கொண்டுவந்தால் முதல் நாளே கடையில் நிற்பார். இரண்டு பெட்டி வாங்கி, பிரிக்காமல் இழுப்பறையில் வைத்துவிட்டு, ஆண்டவனிடம் கைகூப்புவார். “தெய்வமே, இது ஒரே வருஷத்தில் ஊத்திக்கொள்ள வேண்டும்.” ஆயுத ஆலைகள் நஷ்டப்பட வேண்டும் என்று இத்தனை சிரத்தையோடு பிரார்த்திக்கும் வேறொருவர் சமாதானச் சங்கங்களில்கூட இருக்கமாட்டார். பிரார்த்தனை பலிக்காமல் தோட்டா அமோகமாக விற்றுவிட்டால் இரண்டு நாள் சோறு இறங்காது. மூன்றாம் நாள், பெட்டியில் அச்சுப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியோடு தேட ஆரம்பித்துவிடுவார்.