ஐந்து தாளும் ஒரு வாயும்: பத்தியவியல் ஆராய்ச்சி

பாயிரம்

ஒரு நோய்க்கு ஒரு பத்தியம் என்பது பழைய உலகம். சுகர் மட்டும் உள்ளவர் என்று ஒருவரைத் தேடிப் பிடிப்பதே இன்று சிரமம். அறுபதைத் தாண்டியவரின் ஃபைலைத் திறந்தால் சுகருக்குப் பின்னாலேயே பிரஷர் நிற்கும். அதன் தோளில் கைபோட்டபடி கிட்னி. கிட்னியைச் சாக்கிட்டு யூரிக் ஆசிட். இவர்களோடு சம்பந்தமே இல்லாமல் கூட்டத்தில் கலந்துகொண்ட தைராய்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர். ஒவ்வொரு டாக்டருக்கும் பக்கத்து அறையில் ஒரு டயட்டீசியன். ஒவ்வொரு டயட்டீசியனிடமும் அச்சடித்த ஒரு தாள். தனித்தனியாக வாசித்தால் ஒவ்வொரு தாளும் குற்றமற்றது. சேர்த்து வாசித்தால் என்ன ஆகும் என்பதே இவ்வாராய்ச்சி நுதலிய பொருள்.

பாயிரத்துக்கு உரிய மற்றவற்றையும் சொல்லிவிடுவோம். எல்லை: எங்கள் பெரியப்பா வீட்டு ஃபிரிட்ஜ் கதவு. கேட்போர்: அடுப்படியில் நிற்பவர். யாப்பு: குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் படித்து முடிக்கத்தக்கது. பயன்: இன்றைக்கு என்ன சமைப்பது என்பதற்கு விடை, கிடைத்தால்.

முன்னோர் மொழி

நீரிழிவுக்காரருக்கு உணவு சொல்லும் கலை இன்சுலினுக்கு மிக முந்தையது. 1797-ல் ஜான் ரோலோ என்ற ராணுவ மருத்துவர், காய்கறி தானியங்களை ஒதுக்கிவிட்டு, நாள்பட்ட இறைச்சியையும் வயிறு தாங்கும் மட்டும் காறிப்போன கொழுப்பையும் உண்ணச் சொன்னார். 1870-ல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டு ஊரே அரைப்பட்டினி கிடந்தபோது, தம் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதைப் பூஷார்தா என்ற மருத்துவர் கவனித்தார். இத்தாலியில் கந்தானி என்பவர் இன்னும் ஒருபடி மேலே போய், நோயாளி திருட்டுத்தனமாகத் தின்றுவிடாதபடி அறையில் வைத்துப் பூட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபான் நூர்டன் ஓட்ஸ் வைத்தியம் கொண்டுவந்தார். அமெரிக்காவில் ஃப்ரெடரிக் ஆலன் பட்டினியையே மருந்தாக்கினார். காறிய கொழுப்பு, முற்றுகை, பூட்டு, ஓட்ஸ், பட்டினி என்ற இந்த ஐந்தில் இன்றைய தாளில் வெளிப்படையாக மிஞ்சியிருப்பது ஓட்ஸ்.

1921-ல் டொரன்டோவில் இன்சுலின் பிறந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு 1948-ல் மு. விஸ்வநாதனால் தொடங்கப்பட்டது. 1981-ல் மீண்டும் டொரன்டோவில், டேவிட் ஜென்கின்ஸ் குழு குளூக்கோஸை 100 என்று வைத்து மற்ற உணவுகளுக்கெல்லாம் கிளைசீமிக் இண்டெக்ஸ் மதிப்பெண் போட்டது. சோறு மதிப்பெண் குறைந்த மாணவனைப் போல் அல்ல, மதிப்பெண் கூடியதாலேயே தண்டனை பெற்றது அன்றிலிருந்துதான்.

முன்னோர் அனைவரும் ஒரே நோயைப் பார்த்துப் பத்தியம் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்சுலின் இல்லாத காலத்தில் கடுமையான நீரிழிவுக்காரர் இரண்டாவது தாள் வாங்கும்வரை பெரும்பாலும் உயிரோடு இருந்ததில்லை. ஐந்து தாள் சேர்வது நீண்ட ஆயுளின் அடையாளம். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் மகிழ்ச்சி எதையும் காட்டவில்லை.

மூலப்பிரதிகள்

கதவில் உள்ளவை ஐந்து. முதலாவது, சுகர் தாள்: வழவழப்பானது, வண்ணப்படம் உடையது. ப்ராக்கோலி, கிவி, அவகாடோ ஆகியவை அதில் சிரிக்கின்றன. பெரியப்பா இவற்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். இரண்டாவது, பிரஷர் தாள். மூன்றாவது, கிட்னி தாள்: ஜெராக்ஸின் ஜெராக்ஸ், வலது ஓரம் வெட்டுப்பட்டதால் ‘தவிர்க்க’ என்று நிற்பது ‘தவிர்க்கவும்’ என்றா, ‘தவிர்க்க வேண்டியதில்லை’ என்றா என்பதில் பாடபேதம் உண்டு. நான்காவது, யூரிக் ஆசிட்: மருந்துச்சீட்டின் பின்புறம் நீல பால்பாயிண்டில் எழுதி, ‘பருப்பு’ என்பதை இரண்டு முறை அடித்தது. ஐந்தாவது, தைராய்டு: ரப்பர் ஸ்டாம்பு. ஐந்தையும் ஒரு திருச்செந்தூர் முருகன் காந்தம் தாங்குகிறது.

விலக்கியல்

இவ்வியலின் அடிப்படை நூற்பா, யாமே செய்தது, வருமாறு:

ஒருதாள் ஈந்ததை மறுதாள் பறிக்கும்;
இருதாள் ஈந்ததை மூன்றாந்தாள் பறிக்கும்;
எல்லாத் தாளும் ஒருங்கே ஈவது
வெந்நீர் ஒன்றே, அதற்கும் அளவுண்டு.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், தட்டில் எதுவும் மிஞ்சாமை உணர்த்துதல் நுதலிற்று.

காட்டு: கீரை. சுகர் தாள் தினமும் ஒரு கப் என்கிறது. கிட்னி தாள் பொட்டாசியம் என்கிறது. யூரிக் ஆசிட் தாள் பசலைக்கீரையை ஒழிக்கிறது. இதய வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடும் எதிர்வீட்டுக்காரருக்கு மட்டும் நான்காவது விதி: கீரை உண்ணலாம், ஆனால் அளவு நாளுக்கு நாள் மாறக்கூடாது. வைட்டமின் கே கூடினாலும் குறைந்தாலும் மருந்தின் வேலை மாறிவிடும். கீரைக்காரம்மா வராத நாளில் அவர் முகம் வாடுவதன் காரணம் இதுவே.

வாழைப்பழமும் இளநீரும். 1997-ல் வெளியான டாஷ் ஆய்வுக்குப் பின், பிரஷருக்குப் பழமும் காயும் நிறையச் சாப்பிடச் சொல்வது வழக்கமாயிற்று. பிரஷர் தாள் வாழைப்பழத்தை நீட்டுகிறது. சுகர் தாள் கையைத் தட்டுகிறது. கிட்னி தாள் இரண்டு கையையும் கட்டுகிறது.

புரதம். சுகர் தாள் ‘ஹை புரோட்டீன்’ என்று பெரிய எழுத்தில் சொல்லி, அதற்கென ஒரு பவுடரையும் பரிந்துரைக்கிறது. கிட்னி தாளில் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 48 கிராம். பவுடர் டப்பா இப்போது மல்லித்தூள் போட்டு வைக்கப் பயன்படுகிறது.

உப்பு. பிரஷர் தாள் ‘லோ சோடியம் சால்ட்’ வாங்கச் சொன்னது. சோடியத்தை எடுத்த இடத்தில் அதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. கிட்னி பழுதானவருக்கு அது உப்பைவிட ஆபத்தாகலாம். இங்கே சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு தாள் இன்னொரு தாளைப் படித்திருந்தால் இந்தப் பாக்கெட் வீட்டுக்குள்ளேயே வந்திருக்காது.

நீர். சிறுநீரகக் கல் உள்ளவருக்கு மூன்று லிட்டர் குடி என்பார்கள். இதயம் தளர்ந்தவருக்கு ஒன்றரை லிட்டரில் நிறுத்து என்பார்கள். இரண்டும் உள்ளவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்டுக்காகக் காத்திருக்கிறார்.

இனி, அவலச்சுவைக்கு முட்டைக்கோஸ். சுகர் தாள் அதை அனுமதித்தது. பிரஷர் தாள் அனுமதித்தது. கிட்னி தாளே, வேகவைத்து நீரை வடித்துவிடு என்ற நிபந்தனையோடு, அனுமதித்தது. யூரிக் ஆசிட் தாள் கண்டுகொள்ளவில்லை. நான்கு தாள் தேறிவந்த ஒரே காய், ஐந்தாவதான ரப்பர் ஸ்டாம்பில் விழுந்தது: ‘கோஸ், காலிஃப்ளவர் வேண்டாம்.’

அளவையியல்

ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918-ல் மெக்காரிசன் என்ற மருத்துவர் குன்னூரில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் வளர்ந்து அங்கே போனது. நம் நாட்டில் உண்ணும் 528 உணவுப்பொருள்களின் சத்துகளை நூறு கிராம் கணக்கில் அளந்து 2017-ல் அது அட்டவணை போட்டது. முருங்கைக்கீரை அதில் உண்டு. இவ்வளவு நுட்பமாகக் கிராமில் புறப்பட்ட அறிவு, ஃபிரிட்ஜ் கதவுக்கு வந்து சேரும்போது ‘ஒரு கப்’ ஆகிவிடுகிறது.

எந்தக் கப்? சான்றாகப் பெரியம்மா மூன்று பாத்திரங்களை மேசையில் வைத்தார்: காபி டம்ளர், பாயசக் கிண்ணம், ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் குவளை. மூன்றிலும் மூன்று அளவு. பெரியப்பா நான்காவதாக ரசம் குடிக்கும் பெரிய கிண்ணத்தைத் தேர்ந்து, அதிலும் சோற்றைக் கோபுரமாகக் குவித்தார். கிண்ணத்தின் விளிம்புக்கு மேல் எழும் பகுதியை எந்தத் தாளும் வெளிப்படையாக விலக்கவில்லை என்பது அவர் கட்சி. உரையாசிரியர்கள் இதனை மறுப்பர். பெரியம்மா கரண்டியாலேயே மறுத்தார்.

வெறுவயிற்றியல்

உடலில் மிக அதிகமாகப் போட்டியிருக்கும் இடம் வெறும் வயிறு. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போட வேண்டும். அதன்பின் அரைமணி முதல் ஒருமணி நேரம் காபிகூடக் கூடாது. வயிற்றெரிச்சல் மாத்திரை சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால். ஊறவைத்த வெந்தயம் வெறும் வயிற்றில் என்பது பக்கத்து வீட்டு மாமியின் விதி. பாகற்காய் ஜூஸ் வெறும் வயிற்றில் என்பது வாக்கிங் நண்பர்களின் விதி. ரத்தம் கொடுக்க எட்டு மணி நேரம் வெறும் வயிறு. இவை எல்லாம் நிறைவேறிய பிறகு வயிறு வெறுமையாக இல்லை. ஆனால் எதுவும் சாப்பிட்டபாடும் இல்லை.

இதற்கிடையே சுகர் 70-க்குக் கீழே இறங்கினால், இதுவரை விலக்கிய அத்தனை இனிப்பும் ஒரே நொடியில் மருந்தாகிவிடும்: 15 கிராம் குளூக்கோஸ், கால்மணி கழித்து மறுபடி பார். கிட்னிக்காரர் அப்போதும் ஆரஞ்சு ஜூஸைத் தொடாமல், பொட்டாசியம் இல்லாத குளூக்கோஸ் பவுடரையே கரைத்துக் குடிக்க வேண்டும். மயங்கி விழப்போகும் நேரத்திலும் மூன்றாவது தாளை மறக்க முடியாது.

பிறன்கோள் மறுத்தல்

மேற்கூறிய விலக்குகள் எல்லாம் உண்மையிலேயே விலக்குகளா என்று ஆராய்ந்தால் வேறு செய்தி தெரிகிறது.

பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியது கிட்னி நோய் என்ற பெயருக்காக அல்ல, ரத்தத்தில் அது ஏறியிருந்தால். பெரியப்பாவின் ரிப்போர்ட்டில் அது 4.4. சாதாரண அளவு ஏறக்குறைய 3.5 முதல் 5 வரை. ஆக, அவருக்குத் தாள் கொடுத்தது அவருடைய ரத்தம் அல்ல, அவருடைய நோயின் பெயர்.

யூரிக் ஆசிட்டும் அப்படியே. நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 2004-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இறைச்சியும் கடல் உணவும் மிகுதியாக உண்டவர்களுக்குக் கௌட் என்ற யூரிக் ஆசிட் மூட்டுவலி கூடியது; பியூரின் மிகுந்த காய்கறிகளால் கூடவில்லை. இரண்டு முறை அடிக்கப்பட்ட பருப்புக்கு இது ஜாமீன். பருப்பிலும் பயறிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி உடலில் சேர்வதில்லை; கோலா பானங்களிலும் பாக்கெட் உணவுகளிலும் சேர்க்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுதும் சேரும். கிட்னி தாளின் விலக்குப் பட்டியலில் பருப்பு உண்டு, கோலா இல்லை. தைராய்டு மாத்திரையை ஒழுங்காகப் போடுபவர், அயோடின் உப்பு உண்பவர், வேகவைத்த கோஸ் பொரியலை அளவாக உண்டால் குடி முழுகாது. இரவுச் சப்பாத்தியும் மாவுச்சத்துதான்; நான்கு தின்றுவிட்டுச் சோற்றை விட்டேன் என்று பெருமைப்படுவதில் பொருளில்லை.

இவற்றைக் கேட்க ஒருநாள் பெரியப்பா, பெரியம்மாவோடு சுகர் டயட்டீசியனிடம் போனோம். இளம்பெண், பொறுமைசாலி.

“ஐயா, டெய்லி ஒரு கப் கீரை எடுத்துக்கங்க.”

“கிட்னிக்குக் கூடாதுன்னு எழுதியிருக்காங்களேம்மா?”

“அது ரீனல் டயட்டீசியனைத்தான் கேக்கணும்மா. நான் டயபட்டிக் மட்டும்தான் பாக்கிறேன்.”

“அவங்க சுகருக்கு உன்னைக் கேக்கச் சொன்னாங்களே கண்ணு.”

அந்தப் பெண் பேனாவை மூடினாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். கையில் ஒரு நோய்க்கான தாள்தான் கொடுக்கப்பட்டிருந்தது. மற்ற நான்கு ஃபைலும் வேறு கட்டடங்களில் இருந்தன.

முடிபு

உறுப்புக்கு உறுப்பு தாள் எழுத ஆள் இருக்கிறது. ஐந்தையும் கூட்டிக் கழித்து ஒரு தட்டாக்க ஆள் இல்லை. அந்த வேலை சத்தமில்லாமல் சமையலறைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. சம்பளமோ பட்டமோ ரிப்போர்ட்டைப் பார்க்கும் உரிமையோ இல்லாமல் அதைச் செய்பவர் பெரியம்மா. தினசரி காலண்டர் தாளின் பின்னால் அவர் எழுதி வைத்திருப்பது: காலை இரண்டு இட்லி, சாம்பார், மதியம் காபி டம்ளரால் ஒரு டம்ளர் சோறு, வடித்துத் தாளித்த புடலங்காய், மோர், இரவு கோதுமை ரவை உப்புமா, வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு. கப் என்ற சொல் அதில் இல்லை. ஆராய்ச்சி முறைப்படி கதவில் ஆறாவதாக ஒட்டத்தக்க ஒரே பிரதி அதுதான். கையெழுத்துப் போட ஒருவரும் முன்வரவில்லை என்பது அதன் குறை.

ஆகவே வழிநூல் செய்வோர்க்குச் சில விதிகள். எந்த டயட்டீசியனிடம் போனாலும் எல்லா ஃபைலையும் ஒன்றாகக் கட்டி எடுத்துப் போக. நோயின் பெயரைச் சொல்லுமுன் கடைசி ரத்தப் பரிசோதனையை நீட்டுக. ஐந்தில் இப்போதைக்கு எது முதலில் என்று கேட்க. வீட்டுப் பாத்திரத்தையே பையில் போட்டுக்கொண்டு போய், அதில் எத்தனை என்று கேட்க. அடுத்த ரிப்போர்ட் மாறினால் தாளும் மாறும் என்பதை மறவற்க. இறுதியாக, எதைத் தின்னக்கூடாது என்று கேட்பதை விட்டு, நாளைக் காலையிலிருந்து ராத்திரிவரை என்ன சமைக்கட்டும் என்று கேட்டு எழுதி வாங்குக. எழுதத் தாளில்லை என்று அவர் சொன்னால், ஃபீஸ் கட்டிய ரசீதைத் திருப்பிப் போட்டுக் கொடுக்கலாம். பின்பக்கம் முழுக்கக் காலியாகத்தான் இருக்கும்.