பூப் பார்க்கப் போன படலம்

வஸந்த காலத்தில் புஷ்பங்களைக் கண்டு மனிதன் மகிழ வேண்டும் என்ற சித்தாந்தத்தில் எனக்கு எக்காலத்திலும் ஆட்சேபம் இருந்ததில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியை அடையும் பொருட்டு, ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமையன்று கருக்கலில் எழுந்து, கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு, புளியோதரைப் பாத்திரத்தை மடியில் ஏந்தியவாறு காரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை, ஆம்ஸ்டர்டாமில் உத்தியோகம் பார்க்கும் என் புதல்வனிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். தாமதித்தால் கூட்டம் வந்துவிடும் என்றான். இதே யோசனை பூலோகத்திலுள்ள மற்றப் புதல்வர்களுக்கும் தோன்றியிருந்தபடியால், லிஸ்ஸெ என்ற ஊரை நெருங்கியதும் கார்கள் நகர மறுத்தன. புளியோதரை அங்கேயே தீர்ந்தது.

ஹார்லெமுக்கும் லெய்டனுக்கும் இடையே, கடலோர மணல்மேடுகளுக்குப் பின்னால் கிடக்கும் மணற்பாங்கான பூமியில், சிவப்பு ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை, ஊதா ஒரு பட்டையாக டூலிப் மலர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பூத்திருந்தன. பக்கத்திலேயே, 32 ஹெக்டேரில், ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் கிழங்குகளை ஊன்றி வளர்க்கும் கியூகென்ஹோஃப் தோட்டம் இருக்கிறது. அதற்குள்ளும் போனோம், மலர்களைவிட, மலர்களோடு தம்மைப் படம் பிடித்துக்கொள்வோரே அதிகமாகத் தென்பட்டதால் வயலுக்கே திரும்பினோம்.

என் சகதர்மிணி மலர்களை மதிப்பிட இரண்டே பரீட்சைகள் வைத்திருப்பவள்: மணக்க வேண்டும், தொடுக்க வர வேண்டும். வரப்போரம் குனிந்து ஒரு டூலிப்பை முகர்ந்தவள், "என்னங்க, இதுக்கு வாசனையே இல்லையே!" என்றாள், குழம்பில் உப்பில்லை என்று சொல்லும் தொனியில். அடுத்த வயலிலிருந்த ஹையாசிந்த் முதல் பரீட்சையில் அமோகமாகத் தேறியது.

அப்போதுதான் அந்த யந்திரம் வந்தது. பாத்தியின் இருபுறமும் சக்கரம் உருள, நன்றாக விரிந்திருந்த மலர்களின் தலைகளை அது சீவிக்கொண்டே போயிற்று. பின்னால் பச்சைத் தண்டுகள் மொட்டையாக நிற்க, இடைவெளிகளில் சிவப்பு இதழ்கள் ஈரத்தோடு குவிந்தன. "அடப்பாவி!" என்று என் மனைவி கூவினாள். மகன் விளக்கினான். இவர்களுக்கு வெள்ளாமை பூ அல்ல, கிழங்கு. பூவை விட்டுவைத்தால் அது விதை பிடிக்க, கிழங்குக்குச் சேர வேண்டிய சத்து அங்கே போய்விடும். பூக்க விடுவதே, ஜாதி மாறியிருக்கிறதா, நோய் கண்டிருக்கிறதா என்று பரிசோதிப்பதற்காகத்தான். பரிசோதனை முடிந்தால் சிரச்சேதம், கோடையில் கிழங்கு அறுவடை. ஆக, கடல் கடந்து வந்து நாங்கள் கண்குளிரக் கண்டது, விவசாயி எப்போது ஒழியும் என்று காத்திருந்த ஒரு வஸ்துவை.

நோய்க்கு இவ்வளவு அஞ்சும் இதே தேசத்தார்தாம், வெள்ளையில் செஞ்சுடர் ஓடிய 'ஸெம்பர் அகஸ்டஸ்' என்ற டூலிப்பின் ஒற்றைக் கிழங்குக்கு ஒரு காலத்தில் ஒரு வீட்டின் விலையைச் சொன்னார்கள். 1637 பிப்ரவரியில் அந்தக் கிழங்கு வியாபாரம் கவிழ்ந்தது. அந்தச் செஞ்சுடரோ, அசுவினிப் பூச்சி பரப்பிய வைரஸின் கைங்கரியம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் புலப்பட்டது. நோய்க்கு வீட்டை விலை பேசியவர்களின் சந்ததியார் இன்று நோய்ச்செடியைப் பிடுங்கி எறிகிறார்கள். வம்சத்தில் யாராவது ஒருவர் கெட்டிக்காரராகப் பிறக்கத்தானே வேண்டும்!

திரும்பும் வழியில், சாலையோரத்தில், ஹையாசிந்த், டாஃபடில் மலர்களை நெருக்கமாகக் கோத்த நீண்ட மாலைகளைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் தம் கழுத்தில் போட்டுக்கொள்ளாமல், காரின் முகப்பில் கட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பிராந்தியத்தில் அது நெடுநாளைய வழக்கமாம். காலையிலிருந்து எதிலும் திருப்திப்படாத என் மனைவியின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே, முறை தெரிஞ்சவங்கதான்!" என்று சொல்லி, மகனை ஒரு மாலை வாங்கிக் கட்டச் செய்து, கைப்பையிலிருந்த குங்குமச் சிமிழைத் திறந்து, காரின் நெற்றியில் பொட்டும் வைத்தாள். பிறகு எட்ட நின்று பார்த்தவள், சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம் கிடைக்குமா என்று மாலைக்காரியிடம் கேட்டு வரும்படி என்னை அனுப்பினாள்.