போராட்டத்துக்கும் படிவம் உண்டு

1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். கறுப்பர், ஆசியர், லத்தீனர், பூர்வகுடியினர் வரலாற்றையும் பாடமாக்கு என்பது கோரிக்கை. கல்லூரியின் தற்காலிகத் தலைவர் ஹயகாவா மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டிமேல் ஏறி ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார், போராட்டம் ஓயவில்லை. ஏறக்குறைய ஐந்து மாத இழுபறிக்குப் பின், 1969இல் இனத்துவ ஆய்வுகளுக்கென்று தனிப் பிரிவே பிறந்தது.

அந்தத் துறையில் மேற்படிப்புக்கு இன்று தடியடி வாங்க வேண்டியதில்லை. நோக்க அறிக்கை, வாழ்க்கை அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், எழுத்து மாதிரி போன்றவை இருந்தால் போதும். பாட்டி பட்ட அவமானத்தை இரண்டு பக்கத்துக்குள், சொன்ன எழுத்தளவில், கண்ணீர் சிந்தாமல் அடக்கிவிட வேண்டும். எல்லைகள்தாம் மனிதரைப் பிரிக்கின்றன என்று உருக்கமாக முடித்துப் பொத்தானை அழுத்தினால் வருவது கட்டணப் பக்கம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உள்நாட்டவருக்கு ஒரு தொகை. வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடுதல்.

அன்று மறியல் செய்தவர்கள் இன்று விண்ணப்பித்தால், நன்னடத்தைக்குப் பரிந்துரைக் கடிதம் யார் தருவார்?

ஆகவே தம்பி, தங்கைகளே, கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில். முதலில் படிவத்தை நிரப்புங்கள். அதிகாரத்தை எதிர்ப்பதை அனுமதி கிடைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.