மேய்ச்சல் புறம்போக்கு

நில அளவைத் துறையில் 32 வருடம் வேலை பார்த்தவன் நான். கோட்டுக்கு இந்தப் பக்கம் பட்டா, அந்தப் பக்கம் புறம்போக்கு. கல் ஒரு சாண் நகர்ந்தால் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் 7.5 மைல் அடிக்கோட்டை அளக்க 57 நாள் எடுத்துக்கொண்டார். அந்தப் பரம்பரை. அப்படிப்பட்டவனிடம் எல்கேஜி படிக்கும் பேத்தியை ஒப்படைத்து, "லீவு முடியறதுக்குள்ள 12 மிருகத்துக்குக் கலர் அடிக்கோணுமாம்ப்பா" என்று சொல்லிவிட்டு மகள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

வண்ணம் தீட்டும் படங்கள் இணையத்தில் இலவசம். அந்த இலவசம் பிரிண்டர் வாசல் வரைதான். வீட்டுப் பிரிண்டர் முதல் யானையிலேயே நின்றது. நீல மை தீர்ந்துவிட்டதாம். படத்தில் இருப்பதோ வெறும் கறுப்புக் கோடு. நிறமே இல்லாத யானைக்கு நீலம் எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும் மினுக்குகிறது. தாலுகா ஆபீசுக்கு மனுவோடு வந்தவர்களுக்கு நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். முன்னால் ஒருவர் ஆதார் அட்டையோடு, பின்னால் ஒருவர் வில்லங்கச் சான்றோடு.

"கலருங்களா, பிளாக் அண்ட் ஒயிட்டுங்களா?"

"பிளாக் அண்ட் ஒயிட்டே போதும் தம்பி. கலர் வீட்டுல அடிச்சுக்குவோம்."

வில்லங்கக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டில் கலர் அடிக்கிறவன் வேறு என்னவெல்லாம் அடிப்பானோ என்று நினைத்திருப்பார்.

12 படத்தைப் பரப்பிப் பார்த்தேன். பென்குயின், பனிக்கரடி, ஒட்டகச்சிவிங்கி. வரிக்குதிரையில் நாங்கள் செய்ய ஏதுமில்லை, அது முடிந்தே வந்திருந்தது. எருமை இல்லை. நம் மாநில விலங்கான வரையாடும் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு ரோட்டோரமாகவே நின்று நம்மைப் பார்க்கும். அதற்குப் படம் இல்லையென்றால் எப்படி? ஸ்கேலை எடுத்து நானே வரைந்தேன். நீளம், அகலம், மூலைமட்டம் எல்லாம் சுத்தம்.

பேத்தி வாங்கிப் பார்த்தாள். "அப்புச்சி, கட்டிலுக்கு எதுக்குக் கொம்பு?"

பேசாமல் யானைக்குத் திரும்பினோம். அவள் ரோஸ் கிரேயானை எடுத்தாள்.

"யானை சாம்பல் நிறம் கண்ணு."

"டாப்சிலிப்புல ரோஸாத்தான இருந்துச்சு."

யோசித்துப் பார்த்தேன். அங்கே கோழிகமுத்தி யானை முகாமில் நாங்கள் பார்த்த யானைக்குத் தும்பிக்கையிலும் காது மடலிலும் ரோஸ் புள்ளிகள் இருந்தது உண்மைதான். நம் யானைகளுக்கு வயதாக ஆக அந்த இடங்களில் நிறம் வெளுக்கும். நான் பார்த்தது யானையை. அவள் பார்த்தது காதை. அவளுக்கு ஒரு பாயிண்ட்.

அடுத்து, பச்சை கிரேயான் யானையின் காலைத் தாண்டி வெளியே ஓட ஆரம்பித்தது. முதுகுத்தண்டு சில்லிட்டது எனக்கு.

"கோட்டைத் தாண்டக் கூடாது கண்ணு."

"அது யானை திங்கறதுக்குப் புல்லு அப்புச்சி."

வாயடைத்துப் போனேன். மேய்ச்சல் புறம்போக்கு. சர்க்கார் கணக்கிலேயே இருக்கிற வகை. ஆட்சேபணை செய்ய வழியே இல்லை. சொல்லப்போனால், நாளைக்கு 150 கிலோ வரை தின்கிற பிராணிக்கு அவள் ஒதுக்கிய பரப்பு ரொம்பக் குறைச்சல்.

இத்தோடு முடிந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

கிரேயான் டப்பாவில் வெள்ளை என்று ஒன்று இருக்கிறதே, மற்றதெல்லாம் தேய்ந்து துண்டான பிறகும் அது மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி முனை மழுங்காமல் இருக்கும். எதற்கு வைக்கிறார்களோ என்று நினைத்திருக்கிறேன். மறுநாள் சாயங்காலம் பால்காரர் வந்தபோது, மேசையில் ஒன்றும் தீட்டாத ஒரு தாள் கிடந்தது. அச்சடித்த கறுப்புக் கோடு மட்டும்தான். கணக்கு எழுத எடுத்தேன். பேனா பிடிக்கவில்லை, வழுக்கியது. பேப்பரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, அழுத்தி அழுத்தி எழுதி முடித்தேன்.

அரை மணி நேரம் கழித்து வீடே அதிர ஓர் அழுகை. மதியம் முழுக்க உட்கார்ந்து, ஒரு இடம் விடாமல், கோட்டைத் துளியும் தாண்டாமல், வெள்ளை கிரேயானால் அவள் தீட்டி முடித்த பனிக்கரடி அது. நான் கேட்ட ஒழுங்கை அந்தக் குழந்தை கடைப்பிடித்த ஒரே படம்.

பனிக்கரடியின் ரோமம் உண்மையில் நிறமற்றது, அடியில் தோல் கறுப்பு என்றெல்லாம் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். எடுபடவில்லை. வழக்கு அவளுடைய அம்முச்சியிடம், அதாவது என் வீட்டுக்காரியிடம் போனது. அம்முச்சி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். மெழுகு மினுமினுத்தது, கரடி முழுசாகத் தெரிந்தது. ஆக்கிரமிப்பாளர் நான்தான் என்று தீர்ப்பாயிற்று.

கரடி இப்போது பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. அதன் வயிற்றில் 'திங்கள் ஒன்றரை லிட்டர், செவ்வாய் இல்லை' என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது.